உங்கள் அப்பா சாப்பிட்டார்

மருமகள்: நீங்க தமிழ்ல எழுதித் தரச் சொன்ன பட்டியல்ல இது என்ன, வெறும் "அட்"?

மகன்: "அட்"தான். இங்கிலீஷ் "அட்".

மருமகள்: அது தெரியுது. எதுக்கு முன்னாடி வருது?

மகன்: சில சமயம் மணிக்கு முன்னாடி. சில சமயம் இடத்துக்கு முன்னாடி.

மருமகள்: தமிழ்ல ரெண்டுக்கும் வேற வேற. அதுவும் பின்னாடி ஒட்டிக்கிட்டு வரும்.

மகன்: பொதுவா ஏதாவது ஒண்ணு போடேன்.

மருமகள்: போட்டேன். "இல்"னு போட்டேன். உங்க ஸ்க்ரீன்ல எப்படி வந்திருக்குன்னு படிங்க.

மகன்: "உங்கள் அப்பா சாப்பிட்டார் மதிய உணவு இல் ஒரு மணி."

மருமகள்: எப்படி இருக்கு?

மகன்: புரியுதே.

மருமகள்: அடுத்தது படிங்க.

மகன்: "உங்கள் அம்மா மறுத்தார் குளிக்க உடன் செவிலியர்." இதுவும்... புரியுது.

மருமகள்: எனக்குப் புரியலை. அந்தம்மா நர்ஸோட சேர்ந்து குளிக்க மாட்டேன்னாங்களா? இல்ல, நர்ஸும் அந்தம்மாவும் சேர்ந்து மாட்டேன்னாங்களா?

மகன்: நீ வேணும்னே பண்றே.

மருமகள்: நான் ஒண்ணும் பண்ணலை. நீங்க வாக்கியத்தை வெட்டி வெட்டி எனக்கு அனுப்பறீங்க. "உங்கள்" ஒரு துண்டு, "அப்பா" ஒரு துண்டு, "சாப்பிட்டார்" ஒரு துண்டு. நான் ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் எழுதித் தரேன். உங்க ப்ரோக்ராம் அதை எடுத்து இங்கிலீஷ் வரிசைல கோக்குது. தமிழ்ல ஆள் என்ன செஞ்சார்ன்றது கடைசில வரும். உங்க ப்ரோக்ராமுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

மகன்: மத்த மொழிக்காரங்க எல்லாம் செஞ்சு கொடுத்துட்டாங்களே.

மருமகள்: யாரு?

மகன்: ஜப்பான் மொழிக்காரர்.

மருமகள்: கொடுத்துட்டாரா?

மகன்: ரொம்ப மரியாதையா ஒரு மெயில் போட்டிருந்தார். ரெண்டாவது தடவை படிச்சப்பதான் திட்டுன்னு தெரிஞ்சுது.

மருமகள்: பாருங்க. ஒரு முதியோர் இல்லத்துலேர்ந்து பிள்ளைங்களுக்குப் போற செய்தி இது. ஆபீஸ்ல மீட்டிங்ல உட்கார்ந்திருக்கறவன் போனை எடுத்துப் பார்க்கறான். "உங்கள் அப்பா விழுந்தார்"னு ஆரம்பிச்சா, மிச்சத்தைப் படிக்கறதுக்குள்ள அவனுக்கு உயிர் போயிடும். மிச்சம் "தூங்கி"ன்னு இருக்கும்.

மகன்: "தூங்கி விழுந்தார்"னு ஒரு செய்தியும் கிடையாது.

மருமகள்: வாக்கியத்தை முழுசா கொடுங்க. நடுவுல காலி இடம் விடுங்க. யாரு, எப்போ, என்னன்னு மூணு காலி இடம். எது எங்க உட்காரணும்னு நான் முடிவு பண்றேன். ப்ரோக்ராம் வாயை மூடிக்கிட்டு நிரப்பட்டும்.

மகன்: எல்லா வாக்கியத்தையும் திரும்ப எழுதணும். திங்கக்கிழமை இல்லத்துல இதை ஆரம்பிக்கறாங்க.

மருமகள்: திங்கக்கிழமை வேற ஒண்ணும் இருக்கு.

மகன்: மெதுவா பேசு.

மருமகள்: மாமா பால்கனில இருக்கார். ரேடியோ ஓடுது.

மகன்: ரேடியோ ஓடினா காது கேக்காதுன்னு யாரு சொன்னா?

மருமகள்: எப்போ சொல்லப் போறீங்க?

மகன்: இன்னிக்கு.

மருமகள்: போன சனிக்கிழமையும் இன்னிக்குன்னுதான் சொன்னீங்க.

மகன்: அன்னிக்கு அவருக்குத் தலைவலி.

மருமகள்: தலைவலி உங்களுக்கு. ரூம் பதிவு பண்ணியாச்சு. கட்டில் போட்டாச்சு. போர்வை என்ன கலர் வேணும்னு கூட அவங்க போன் பண்ணிக் கேட்டாச்சு. போய் இருக்கப் போற மனுஷனுக்கு மட்டும் தெரியாது.

மகன்: அவங்ககிட்ட அப்பாவுக்குத் தெரியும்னு சொல்லிட்டேன்.

மருமகள்: நல்லது. அப்போ உலகத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு.

மகன்: வேற என்ன பண்றது சொல்லு... பகல் பூரா வீட்ல தனியா இருக்கார். அடுப்பை மூட்டிட்டு மறந்துடறார். பாத்ரூம்ல விழுந்து, நாம வர வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கேட்டா, டைல்ஸைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்றார்.

மருமகள்: நான் தப்புன்னு சொல்லலையே. சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.

மகன்: ஆயுசு பூரா லிப்ட் மெக்கானிக். ஊர்ல இருக்கற மாடிக்கெல்லாம் ஜனங்களை ஏத்தி இறக்கினவர். அவரைக் கொண்டுவந்து லிப்ட் இல்லாத மூணாவது மாடில வெச்சிருக்கேன். இப்போ அங்கேர்ந்தும் கிளம்புங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?

மருமகள்: இருக்கற மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான். எங்க, சொல்லிக் காட்டுங்க. நான்தான் மாமா.

மகன்: விளையாடாதே.

மருமகள்: சொல்லுப்பா, என்ன விஷயம்?

மகன்: அப்பா... வந்து... உங்களுக்கு... அங்க... நல்லா...

மருமகள்: இதுவும் துண்டு துண்டா.

மகன்: சரி, விடு. அது சரி, நம்ம வீட்டு நாற்காலி ஒண்ணு ரெண்டாவது மாடி படிக்கட்டு மூலைல ஏன் கிடக்கு?

மருமகள்: காத்து வாங்குது.

மகன்: நாற்காலியா?

மருமகள்: வேலையைப் பார்க்கலாமா? உறவுமுறைன்னு ஒரு பட்டியல் இருக்கே, அதுல அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மாமா, அத்தை எல்லாம் இருக்கு. மாமனார் இல்லை.

மகன்: எதுக்கு மாமனார்? பிள்ளைங்களுக்குத்தானே செய்தி போகுது.

மருமகள்: சேருங்க.

மகன்: மருமகளுக்கு யாரு அனுப்பப் போறாங்க?

மருமகள்: சேருங்கன்னு சொன்னா சேருங்களேன். ஒரு வார்த்தைதானே, வாடகையா கேக்குது?

மகன்: அப்புறம் சேர்க்கறேன்.

அப்பா: எங்க அப்பா சாப்பிட்டாராம்.

மகன்: அப்பா! எப்போ உள்ள வந்தீங்க?

அப்பா: இப்பதான். ரேடியோல செய்தி முடிஞ்சுது. போன்ல ஒரு செய்தி வந்துச்சு.

மகன்: யாரு சாப்பிட்டா?

அப்பா: எங்க அப்பா. உன் தாத்தா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தவர். இன்னிக்கு ஒரு மணிக்கு மதிய உணவு சாப்பிட்டாராம். போன்ல போட்டிருக்கு.

மகன்: எந்த வரிசைல வந்திருக்கு?

அப்பா: என்னடா?

மகன்: இல்ல... வார்த்தை எல்லாம்... எது முன்னாடி, எது பின்னாடி...

மருமகள்: தாத்தா சாப்பிட்டது இவருக்கு அதிசயமா தெரியலை மாமா. வரிசைதான் கவலை.

அப்பா: இது மட்டும் இல்லை. நேத்து குளிக்க மறுத்திருக்கார். அதை நான் நம்பறேன். அவர் அப்படித்தான்.

மகன்: அது ஏதோ ராங் நம்பர்ப்பா.

அப்பா: புதன்கிழமை காணாமப் போயிட்டார். இரு, படிக்கறேன்... "உங்கள் அப்பா காணவில்லை இல் அறை."

மகன்: அப்புறம்?

அப்பா: அப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்குச் சாப்பிட்டிருக்கார். எங்க போனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவார். அதனால நான் கவலைப்படலை.

மருமகள்: யார் அனுப்பறாங்கன்னு போட்டிருக்கா மாமா?

அப்பா: கீழ ஏதோ முதியோர் இல்லம்னு இருக்கு. ராங் நம்பர்தான் போல. நம்ம வீட்ல யாரு முதியோர்? நான் போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்.

மருமகள்: நான் எடுத்துத் தரேன் மாமா.

அப்பா: வேண்டாம்மா. சமையலறை இதே மாடிலதானே இருக்கு.

மருமகள்: போயிட்டார். இப்போ சொல்லுங்க.

மகன்: டெஸ்ட் பண்ண ஒரு நிஜ நம்பர் வேணும். நாங்க எல்லாருமே வீட்டு ஆளுங்க நம்பரைத்தான் போடுவோம். என் நம்பரும் உன் நம்பரும் ஏற்கெனவே வேற வேற டெஸ்ட்ல இருக்கு. அப்பா போன் அலமாரில சார்ஜ் இல்லாம கிடந்துச்சு. யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அதைப் போட்டேன்.

மருமகள்: அவர் இப்போல்லாம் தினமும் சார்ஜ் போடறார். படுக்கும்போதுகூடத் தலைமாட்டுல வெச்சுக்கறார். நீங்க கவனிக்கலையா?

மகன்: எதுக்கு? அவருக்கு யாரு போன் பண்ணப் போறாங்க?

மருமகள்: யாருக்குத் தெரியும்.

மகன்: உறவுன்ற இடத்துல வேற "அப்பா"ன்னு போட்டு வெச்சிருந்தேன்...

மருமகள்: அப்பாவோட செய்தியை அப்பாவுக்கே அனுப்பியிருக்கீங்க. உருப்படியா ஒரு ஆள்கிட்ட போய்ச் சேர்ந்திருக்கு.

மகன்: அவருக்குப் புரிஞ்சிருக்குமோ?

மருமகள்: நீங்கதானே சொன்னீங்க, புரியுதேன்னு.

மகன்: நான் இன்னிக்குச் சொல்லிடறேன். சாப்பிட்டப்புறம்.

மருமகள்: இன்னும் யாருமே சாப்பிடலை. ஒண்ணேகால் ஆச்சு. நீங்க முதல்ல ஒரே ஒரு வாக்கியத்தையாவது நான் சொன்ன மாதிரி மாத்துங்க. எப்படி வருதுன்னு பார்த்துட்டு மத்ததைப் பேசலாம்.

மகன்: சரி, சொல்லு.

மருமகள்: "உங்கள்", அப்புறம் காலி இடம், அதுல உறவு. அப்புறம் காலி இடம், அதுல நேரம். "மணிக்கு". அப்புறம் எந்த வேளைன்னு காலி இடம். "உணவு சாப்பிட்டார்", முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளியையும் என்கிட்டயே விட்டுடுங்க. அதைத் தனியா வெட்டி எடுக்காதீங்க.

அப்பா: என்ன, ரெண்டு பேரும் காலி இடத்தைப் பத்திப் பேசறீங்க? வீடு வாங்கப் போறீங்களா?

மகன்: இல்லப்பா. வேலை.

மருமகள்: உட்காருங்க மாமா. இவர் வாக்கியத்தை வெட்டறார், நான் ஒட்டறேன்.

அப்பா: என்ன வாக்கியம்?

மருமகள்: ஒருத்தர் சாப்பிட்டாரான்னு அவங்க வீட்டுக்குச் சொல்ற வாக்கியம்.

அப்பா: அதுக்கு ஒரு ப்ரோக்ராமா? போன் பண்ணி "சாப்பிட்டியா"ன்னு கேட்டா போதாதா?

மகன்: பிள்ளைங்களுக்கு நேரம் இருக்காதுப்பா.

அப்பா: சாப்பிடறவருக்கு நிறைய நேரம் இருக்குமே. அவரே பண்ணலாம்.

மகன்: சரி, மாத்திட்டேன். அனுப்பிப் பார்க்கலாமா?

மருமகள்: அனுப்புங்க. நம்பர்...

மகன்: அனுப்பிட்டேன்.

மருமகள்: நம்பரை மாத்தினீங்களான்னு கேட்க வந்தேன்.

மகன்: ஐயோ.

அப்பா: இரு, இரு. என் சட்டைப் பை அடிக்குது.

மகன்: அதை எங்கிட்ட கொடுங்கப்பா...

அப்பா: இரு, படிக்கறேன். "உங்கள் அப்பா ஒரு மணிக்கு மதிய உணவு சாப்பிட்டார்." அட, எங்க அப்பா ரொம்பத் தேறிட்டார். எவ்வளவு தெளிவா சாப்பிட்டிருக்கார்.

மகன்: சரியா வந்திருக்கா? முற்றுப்புள்ளி இருக்கா?

அப்பா: இருக்கு. ஆனா எனக்குத்தான் பசிக்குது. நான் இன்னும் சாப்பிடலை.

மருமகள்: அடுப்புல எல்லாம் தயார் மாமா. எடுத்து வெச்சிடறேன்.

அப்பா: இரும்மா. இவன் ஏதோ சொல்ல வரான். வாய் திறந்தே இருக்கு.

மகன்: இல்ல, சாப்பிட்டப்புறம்...

அப்பா: நீ இப்பவே சொல்லு. சாப்பிடும்போது நீ இப்படி வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு இருந்தா என்னால சாப்பிட முடியாது.

மகன்: அப்பா.

அப்பா: ம்.

மகன்: அந்த முதியோர் இல்லம்...

அப்பா: ஆமா. ராங் நம்பர் இல்லம்.

மகன்: ராங் நம்பர் இல்லப்பா. அது... உங்க கால்... இந்த மாடிப்படி...

மருமகள்: நான் அடுப்பைப் பார்த்துட்டு வரேன்.

மகன்: நீ இரு.

மருமகள்: இருக்கேன்.

மகன்: பகல்ல யாரும்... அன்னிக்கு பாத்ரூம்ல... எனக்கும் ஆபீஸ்ல...

அப்பா: இதெல்லாம் நானே கோத்துக்கணுமா?

மகன்: இல்ல. நானே சொல்றேன்.

அப்பா: சொல்லு.

மகன்: அப்பா, உங்களை ஒரு வார்த்தைகூடக் கேக்காம நான் உங்களுக்கு அந்த இல்லத்துல ஒரு ரூம் பதிவு பண்ணிட்டேன், திங்கக்கிழமை காலைல உங்களைக் கூட்டிட்டுப் போய் அங்க விடறதா அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்.

அப்பா: முடிஞ்சுதா?

மகன்: முடிஞ்சுது.

அப்பா: கொஞ்சம் தண்ணி குடி. மூச்சு விடாம பேசிட்டே.

மகன்: கோவமாப்பா?

அப்பா: இருந்துச்சு.

மகன்: இருந்துச்சா? இப்பதானே சொன்னேன்.

அப்பா: ம்.

மகன்: நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போன் பண்ணி நிறுத்திடறேன். நான் வேலையை விட்டுட்டு வீட்லயே இருந்துக்கறேன்.

அப்பா: நீ வீட்ல இருந்தா நான் எங்க போறது? அதெல்லாம் வேண்டாம். அங்க லிப்ட் இருக்கு.

மகன்: லிப்ட் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: ஏறினேன். ரெண்டாவது மாடில கதவு கொஞ்சம் அவசரப்படுது. இன்னும் நிக்கறதுக்குள்ள தொறக்குது. பார்க்கச் சொல்லியிருக்கேன்.

மகன்: நீங்க எப்போ ஏறினீங்க? நீங்க கடைசியா கீழ இறங்கினதே மழைக்காலத்துக்கு முன்னாடி!

மருமகள்: நாற்காலி.

மகன்: என்ன நாற்காலி?

மருமகள்: படிக்கட்டுல காத்து வாங்கற நாற்காலி. அதை ஒவ்வொரு மாடிலயும் போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். நான் லீவு போட்டுட்டுக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரும்போது ரெண்டாவது மாடில களைச்சுப்போய், இதுக்கு மேல நாற்காலியைத் தூக்காதேம்மா, என்னைப் பிடிச்சுக்கோன்னார். அது அங்கேயே நின்னுடுச்சு.

மகன்: அப்போ உனக்கு எல்லாம் தெரியும்.

மருமகள்: தெரியும்.

மகன்: தெரிஞ்சுக்கிட்டே, எப்போ சொல்லப் போறீங்க, எப்போ சொல்லப் போறீங்கன்னு என்னைப் போட்டு...

மருமகள்: மாமா சத்தியம் வாங்கிட்டார். அவனே வாயைத் திறந்து சொல்லட்டும், அதுவரைக்கும் எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும்னார். நான் என்ன பண்றது? உங்க பக்கமும் பேச முடியாம, அவர் பக்கமும் பேச முடியாம, "அட்" பக்கம் பேசிக்கிட்டு இருந்தேன்.

மகன்: அப்போ தாத்தா சாப்பிட்டார், காணாமப் போனார்னதெல்லாம்...

அப்பா: செத்துப்போன எங்க அப்பா எங்கடா சாப்பிடப் போறார்? முதல் செய்தி வந்த அன்னிக்கே இவகிட்ட கேட்டேன். இவளுக்குப் பொய் சொல்ல வரலை. அழுதுட்டா.

மகன்: என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா.

அப்பா: நீ என்னைக் கழிச்சுக் கட்டறேன்னு நெனச்சேன். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கலை. அந்த ரெண்டு நாளும் போன்ல எங்க அப்பா மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டு இருந்தார்.

மகன்: அப்பா...

அப்பா: விடு. அப்புறம் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழ ரோடு தெரியுது. காலைல எழுந்து, நானா பட்டனை அமுக்கி, நானா கீழ இறங்கி, ரோட்ல நின்னு போறவங்க வரவங்களை வேடிக்கை பார்த்துட்டு, நானா மேல வரலாம். இங்க ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் நாற்காலி தூக்கணும். போர்வைகூட நீலம் சொல்லிட்டு வந்திருக்கேன்.

மகன்: நான் பச்சை சொன்னேன்.

அப்பா: தெரியும். மாத்திட்டேன்.

மகன்: ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடறேன்ப்பா. நடுவுல நீங்க கவலையே பட வேண்டாம். என்ன சாப்பிட்டீங்க, எப்போ தூங்கினீங்க, எல்லாம் எனக்கு உடனுக்குடனே வந்துடும். என் நம்பர்தான் கொடுத்து வெச்சிருக்கேன்.

அப்பா: அதையும் மாத்திட்டேன்.

மகன்: எதை?

அப்பா: நம்பரை. மருமக நம்பர் கொடுத்திருக்கேன். உறவுன்ற இடத்துல மாமனார்னு போட வழியில்லைன்னாங்க. திங்கக்கிழமைக்குள்ள என் பையன் சேர்த்துடுவான்னு சொல்லிட்டு வந்தேன்.

மகன்: சேர்க்கறேன்... ஆனா ஏன்ப்பா? நான்தானே பிள்ளை? எனக்கு வர வேண்டாமா?

அப்பா: உனக்கு வந்தா, அது ஒழுங்கா வந்திருக்கான்னு பார்ப்பே. நான் சாப்பிட்டேனான்னு அவதான்டா பார்ப்பா.